சிறுநீர்ப்பைக் கல்லுக்குத் துளை வழி ஆபரேஷன்: நாலு வயது மகனுக்குச் செய்த அனுபவத்தில் ஒரு விமர்சனம்

என் மகனின் சிறுநீர்ப்பையில் இருந்த 17 மில்லிமீட்டர் கல்லை, அடிவயிற்றில் சின்னதாக ஒரு துளை போட்டு, உள்ளேயே உடைத்து எடுத்தார்கள். அந்த ஆபரேஷனுக்கும், செய்த குழந்தைகள் அறுவை மருத்துவருக்கும் மனதார முழு மதிப்பெண் கொடுப்பேன். அதற்கு முன்னும் பின்னும் அந்த மருத்துவமனை நடந்துகொண்ட விதத்தில் சில இடங்களில் கொடுக்க மாட்டேன். இரண்டையும் கலக்காமல் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நிலைமையில் மாட்டிக்கொண்ட பெற்றோர் தேடினால் கிடைப்பது ஒன்று விளம்பரம், இல்லையென்றால் வயிற்றைக் கலக்கும் கதை. நடுவில் ஒன்றுமே இல்லை.

கல் இருக்கிறது என்று தெரிவதற்கே எங்களுக்கு நாளானது. ஒண்ணுக்குப் போகும்போது நன்றாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும். அவன் அந்த இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலை உதறி அழுவான். கொஞ்சம் குனிந்தாலோ படுத்தாலோ மறுபடி வரும். முடியும்போதுதான் வலி உச்சத்தில் இருக்கும். சில நாள் கடைசிச் சொட்டில் லேசாகச் சிவப்பு. இப்போது காரணம் தெரிகிறது: பை காலியாகக் காலியாகக் கல் கீழே இறங்கி வாயை அடைக்கிறது, சுருங்கும் பையின் சுவர் கல்லின்மேல் உரசுகிறது. இப்படி உங்கள் பிள்ளைக்கு, அதுவும் பையன் என்றால், திரும்பத் திரும்ப நடந்தால் கல்லையும் மனதில் வையுங்கள். இந்த நோய் பெண் குழந்தைகளைவிடப் பையன்களுக்குத்தான் பல மடங்கு அதிகம் வருகிறது.

முதலில் காட்டிய இடத்தில் கிருமித் தொற்று என்று மருந்து கொடுத்தார்கள். நிற்கவில்லை. மறுபடி போனதற்கு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ‘கல் எதுவும் இல்லை, பையன் அடம் பிடிக்கிறான்’ என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் எக்ஸ்-ரேயை மட்டும் பார்த்துக் கல் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதை எழுதியே ஆக வேண்டும். எல்லாக் கல்லும் எக்ஸ்-ரேயில் விழாது. யூரிக் அமிலம், அம்மோனியம் யூரேட் வகைக் கற்கள் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. குழந்தைகளின் சிறுநீர்ப்பையில் அம்மோனியம் யூரேட் அடிக்கடி பார்க்கிற வகைதான்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது எடுக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்க வைத்துக் காத்திருந்தோம். திரையில் கறுப்பாகப் பை, அதன் அடியில் வெள்ளையாக ஒரு வளைவு, வளைவுக்குப் பின்னால் நீளமாக ஒரு நிழல். ஸ்கேன் எடுத்தவர் அவனை இடப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். அந்த வெள்ளை கோலிக்குண்டு மாதிரி மெல்ல உருண்டு அந்தப் பக்கம் போனது. ‘நகருது பாருங்க, கல்லுதான். சுவர்ல ஒட்டின வேற எதுவும் இல்ல’ என்றார். அப்படியே இரண்டு சிறுநீரகங்களையும் பார்த்து, அங்கே கல்லோ வீக்கமோ இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார். கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் பிள்ளை இத்தனை நாள் துடித்திருக்க மாட்டான்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். மூன்று வழி உண்டு. அடிவயிற்றைக் கிழித்து, சிறுநீர்ப்பையைத் திறந்து கல்லை முழுசாக எடுப்பது பழைய வழி. இரண்டாவது, சிறுநீர் வரும் பாதை வழியாகவே கேமரா வைத்த கருவியை விட்டுக் கல்லை உடைப்பது. மூன்றாவதுதான் நாங்கள் செய்துகொண்ட துளை வழி. உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பதும் இருக்கிறது, ஆனால் அதில் உடைந்த துண்டுகள் தானாக வெளியே வர வேண்டும். இந்த அளவுக் கல்லுக்கும் இந்த வயதுக்கும் அதைப் பரிந்துரைக்கவில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

விளம்பரங்கள் ‘தழும்பே இல்லாத லேசர் சிகிச்சை’ என்று கூவுவது இரண்டாவது வழியைத்தான். கேட்டால் யாருக்கும் அதுதான் பிடிக்கும். என் கணவர்கூட, ‘வெட்டே இல்லாம எடுக்கலாமே, எதுக்குத் துளை?’ என்றுதான் கேட்டார். மருத்துவர் அந்தக் கேள்விக்குக் கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். நாலு வயதுப் பையனின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. கருவியே மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கருவியால் பெரிய கல்லைப் பொடிக்க நேரமாகும். துண்டுகளை எடுக்க அதே பாதையில் திரும்பத் திரும்ப உள்ளே போய் வெளியே வர வேண்டும். அந்த உரசலில் பாதையின் உள்தோல் புண்ணாகி, ஆறும்போது தழும்பு கட்டி, பின்னாளில் பாதையே சுருங்கிப் போக வாய்ப்பு உண்டு. ‘வயித்துல சின்னத் தழும்பு இருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆகாது. பாதைக்குள்ள தழும்பு வந்தா வாழ்க்கை பூரா தொல்லை’ என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

கல் சின்னதாக இருந்தால், அல்லது பெண் குழந்தையாக இருந்தால், கணக்கு மாறும் என்பதையும் அவரே சொன்னார். பெண் குழந்தைகளுக்குப் பாதை நீளம் குறைவு, அதனால் அந்த வழி சுலபம். ஆக எந்த வழி நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. என் பிள்ளையின் வயதுக்கும், இந்தக் கல்லின் அளவுக்கும் ஏன் இந்த வழி என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறுகிற இடத்தில் செய்யாதீர்கள்.

பாதை வழியாகவே கல்லைப் பொடிக்கும் வித்தை புதிது என்றும் நினைக்க வேண்டாம். 1824-இல் பாரிஸில் ழான் சிவியால் என்ற மருத்துவர் வயிற்றைத் தொடாமல் சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டுக் கல்லைப் பொடித்திருக்கிறார். மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலம் அது. கல்லை உடைப்பதில் அப்போதிருந்தே மனிதர்கள் கெட்டிக்காரர்கள்தான். குறுகலான பாதையைக் காயப்படுத்தாமல் உள்ளே போய் வருவதுதான் இன்றைக்கும் குழந்தைகளிடம் கஷ்டம்.

என் தம்பிக்குச் சின்ன வயதில் இதே பிரச்சனை. அவனுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தொப்புளுக்குக் கீழே குறுக்காக ஒரு கை அகலத்துக்குத் தழும்பு இன்னும் இருக்கிறது. மருத்துவமனைக்கு வந்தவன் மருமகனின் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘அக்கா, இவ்வளவுதானா?’ என்று இரண்டு முறை கேட்டான். அதற்காகப் பழைய வழியைக் குறை சொல்ல மாட்டேன். தம்பிக்குக் கல் மிச்சமில்லாமல் வந்தது, அதன் பிறகு தொல்லையே இல்லை. கல்லை முழுசாக எடுத்துவிடுவதில் மூன்று வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் மருத்துவமனையில் கிடக்கும் நாளிலும், டியூப் இருக்கும் நாளிலும், வலியிலும். ரொம்பப் பெரிய கல் என்றால் இன்றைக்கும் திறந்துதான் எடுக்கிறார்கள். எங்களிடம் கையெழுத்து வாங்கிய தாளிலும், துளை வழியில் முடியாவிட்டால் திறந்து செய்ய நேரலாம் என்று இருந்தது. அதை எங்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டினார்கள். அது எனக்குப் பிடித்தது.

துளை போடுவதில் என் பெரிய பயம் குடல். ஊசி குடலில் பட்டுவிட்டால்? பெரியவர்களுக்குச் சிறுநீர்ப்பை இடுப்புக்குள் தாழ்வாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் மேலே, கிட்டத்தட்ட வயிற்றுக்குள்ளேயே இருக்கும். வளர வளரத்தான் கீழே இறங்குமாம். பையை உப்பு நீரால் நன்றாக நிரப்பினால் அது மேலெழும்பிக் குடலை ஒதுக்கிவிடும். அப்போது இடுப்பு எலும்புக்குச் சற்று மேலே தோலுக்கும் பைக்கும் நடுவில் குடல் இருக்காது. எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கும் ஒரு உத்தேசக் கணக்கு இருக்கிறது: வயதோடு 2-ஐக் கூட்டி 30-ஆல் பெருக்க வேண்டும். என் மகனுக்கு 180 மில்லி. குடல் காயம், சிறுநீர் உள்ளே கசிவது, தொற்று, ரத்தப்போக்கு எல்லாம் அரிதாக நடக்கலாம் என்பதையும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பி, கிருமி இல்லை என்று பார்த்த பிறகுதான் தேதி கொடுத்தார்.

உள்ளே நடந்ததைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாதை வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பைக்குள் பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து ஊசி போட்டார்கள். அந்த ஊசி வழியாக ஒரு கம்பி, கம்பியின்மேல் படிப்படியாகத் துளையை விரிக்கும் குழாய்கள், கடைசியாக 6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு உறை. உறைக்குள் கேமராவை இறக்கி, காற்றழுத்தத்தால் அடிக்கும் கம்பியால் கல்லை உடைத்து, இடுக்கியால் துண்டு துண்டாக எடுத்திருக்கிறார்கள். லேசர் இல்லை. ‘லேசர் எங்ககிட்ட இருக்கு. பாதை வழியாப் போனா மெல்லிசு இழைதான் நுழையும், அப்ப லேசர் வேணும். இங்க வழி அகலமா இருக்கு, இது சீக்கிரம் முடியும்’ என்றார். லேசரா இல்லையா என்று விசாரித்துக்கொண்டே இருந்த உறவினர்களுக்கு இதைத்தான் நானும் சொன்னேன். உறை வழியாகப் போகும்போது சிறுநீர்ப் பாதையில் ஒரு துண்டுகூட உரசவில்லை. அதுதான் இதில் பெரிய விஷயம்.

மயக்க மருத்துவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை தூங்கும்வரை என்னை உள்ளே நிற்க விட்டார். மாஸ்க்கை அவன் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். தூங்கிய பிறகு முதுகுத்தண்டின் வால் பக்கத்தில் ஒரு ஊசி போடுவோம், எழுந்த பிறகு சில மணி நேரம் வலி தெரியாது என்று முன்கூட்டியே விளக்கினார். அதே மாதிரிதான் நடந்தது. முழித்தவுடன் அவன் சொன்ன முதல் வார்த்தை, ‘அம்மா, கால் தூங்குது’. உள்ளே ஊற்றும் உப்பு நீரைக்கூட உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கித்தான் விடுவார்களாம். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால்.

இனி குறைகள். முதல் குறை பட்டினி. நள்ளிரவுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று வார்டில் சொன்னார்கள். காலையில் முதல் ஆளாக எடுப்போம் என்றவர்கள் ஒரு அவசரக் கேஸ் வந்ததால் மதியத்துக்குத் தள்ளினார்கள். அவசரம் யாருக்கும் வரும், அதில் எனக்கு வருத்தமில்லை. தள்ளிப் போனதும் தண்ணீர் கொடுக்கலாம் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை என்பதில்தான் வருத்தம். கெட்டியான சாப்பாட்டுக்குத்தான் 6 மணி நேரம். தெளிந்த தண்ணீரை மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். 2018-இல் ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் அதை 1 மணி நேரமாகவே குறைத்துவிட்டன. தண்ணீர் குறைவாகக் குடித்ததால் கல் வந்த பிள்ளையை நாக்கு வறள வைத்திருப்பது என்ன நியாயம்? மயக்க மருத்துவரிடமே இதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. வார்டுக்குச் சொல்கிறேன் என்றார். நேரம் தள்ளிப் போனால் நீங்களாகவே போய்க் கேளுங்கள், காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஆபரேஷனுக்குப் பிறகு பாதை வழியாக ஒரு கதீட்டர் (யூரினை வெளியே எடுக்கும் டியூப், நழுவாமல் இருக்க அதன் உள் நுனியில் ஒரு சின்ன பலூன்) இருக்கும், யூரின் ரோஸ் நிறமாக வரும், பயப்பட வேண்டாம் என்றெல்லாம் சொன்னவர்கள், சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிக்கும் வலியைப் பற்றிச் சொல்லவே இல்லை. முதுகு ஊசியின் மருந்து தீர்ந்த ராத்திரி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவன் உடம்பை வில்லாக வளைத்து அலறினான். கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டான். டியூபைச் சுற்றிக் கொஞ்சம் யூரின் கசிந்தது. உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது, அப்புறம் மறுபடி வந்தது.

ராத்திரி டியூட்டி நர்ஸ் வந்து, எதையும் கேட்பதற்கு முன் போர்வையை விலக்கினார். அவன் தொடைக்கு அடியில் டியூப் மடங்கிக் கிடந்தது. அதை நிமிர்த்தி, தொடையின் மேல்பக்கமாகக் கொண்டுவந்து பிளாஸ்திரி ஒட்டினார். தேங்கியிருந்த யூரின் சரசரவென்று, டியூபின் முனையில் மாட்டியிருந்த யூரின் பையில் இறங்கியது. பிறகு என்னிடம், ‘சிறுநீர்ப்பை உள்ள இருக்கிற பலூனை வெளிய தள்ளப் பாக்குதும்மா, அந்த இழுப்புதான் இது. காயம் ஒண்ணும் ஆகல’ என்று சொல்லி, மருத்துவரிடம் போனில் பேசி ஆக்ஸிபியூட்டினின் மருந்து கொடுத்தார். இந்த வலிக்குச் சாதாரண வலி மருந்து மட்டும் போதாது, பையின் தசையைத் தளர்த்தும் மருந்து வேண்டும். அவர் கையோடு சொல்லிக் கொடுத்ததை இங்கே எழுதிவிடுகிறேன்: பிள்ளை திடீரென்று வளைந்து அழுதால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், வெளியே மாட்டிய பையில் யூரின் இறங்குகிறதா என்று பாருங்கள், அந்தப் பை படுக்கையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். இறங்கவே இல்லை என்றாலோ, நிறம் கெட்டியான சிவப்பாக மாறினாலோ, ரத்தக்கட்டி வந்தாலோ உடனே கூப்பிடுங்கள். இதை ஆபரேஷனுக்கு முன்பே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் அந்த ராத்திரி அவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது. அந்த நர்சுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. யூரின் தெளிந்தது, டியூபை எடுத்தார்கள். முதல் தடவை போக ரொம்பப் பயந்தான். நின்று நிதானமாக, நடுவில் நிற்காமல் போய் முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். வயிற்றில் ஒரு தையல், அதுவும் தானாகக் கரைகிறது. பாராசிட்டமாலுக்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலையாக இருந்தது.

மூன்றாவது குறை, கல் பரிசோதனை. எடுத்த கல்லை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒரு கவுன்டரிலிருந்து இன்னொரு கவுன்டருக்கு அனுப்பினார்கள். விடாமல் கேட்டுத்தான் வாங்கினேன். அம்மோனியம் யூரேட் என்று வந்தது. எக்ஸ்-ரேயில் தெரியாமல் போனதற்கும் அதுதான் காரணம். சாப்பாடு பெரும்பாலும் தானியமாகவே இருந்து, பாலும் புரதமும் குறைந்தால், அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால், தண்ணீர் குறைவாகக் குடித்தால் இந்த வகைக் கல் உருவாகும் என்று மருத்துவர் விளக்கினார். என் மகனுக்கு முந்தைய வருடம் வயிற்றுப்போக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. பள்ளியில் ஒண்ணுக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே தொடாமல் வருவான். வேறு காரணம் இருக்குமோ என்று யூரினில் கால்சியம், ஆக்ஸலேட், சிஸ்டின் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. சிறுநீர்ப்பையிலேயே இப்படி உருவான கல்லை எடுத்துவிட்டால் திரும்ப வருவது மிக அரிது என்றார். கல் எந்த வகை என்று தெரியாமல் இந்த வார்த்தையை அவரால் சொல்லியிருக்கவே முடியாது. அதனால் கல்லின் முடிவுத் தாளை வாங்காமல் கணக்கை முடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதெல்லாம் வேறு கோளாறு ஏதும் இல்லாத பிள்ளைக்கு வந்த ஒற்றைக் கல்லைப் பற்றித்தான். முதுகுத்தண்டு நரம்புக் கோளாறால் சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாத குழந்தைகள், பிறவியிலேயே பாதையில் அடைப்பு வால்வு இருக்கிற பையன்கள், குடலின் ஒரு பகுதியை வைத்துப் பையைப் பெரிதாக்கும் அறுவை ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குக் கல் வருவதற்கான காரணமே வேறு, திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். வயிற்றில் முன்பே அறுவை நடந்திருந்தால் குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அப்போது ஊசி போடும் இடத்தை ஸ்கேனில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பெற்றோர் என் அனுபவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அடைப்பையோ நரம்புக் கோளாறையோ பார்க்கிற மருத்துவரும் கல்லை எடுக்கிற மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற இடமாகப் பார்த்துப் போங்கள்.